எங்களுக்கே எதுக்குக் காட்டுறீக?

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. தூய்மைப் பணியாளர்கள் குடியிருக்கும் ஒரு காலனியில் 'கக்கூஸ்' படத்தைப் போட்டோம். இரவல் வாங்கிய புரொஜக்டர், தோழர் ஒருவரின் மடிக்கணினி, கோயில் சுவரில் ஆணியடித்துக் கட்டிய ஒரு வெள்ளை வேட்டி. பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சினிமாப் படம் என்று நினைத்து வந்த பிள்ளைகள். கால் மணி நேரம் ஓடியிருக்கும். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். முப்பது வருடத்துக்கும் மேலாக விளக்குமாறு பிடித்த கை. கூட்டத்தின் நடுவிலேயே கேட்டார்:

"ஏந்தாயி, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நாங்க இதத்தான் பாக்குறோம். ராத்திரி ஒரு வாயி சோத்தத் தின்னுட்டு உக்காந்தா, இங்கயும் கொண்டாந்து இதையே காட்டுறீக. எங்களுக்கே எதுக்குக் காட்டுறீக? பேண்டவன் வீட்டுல போயிக் காட்டுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரோடு நாலைந்து பெண்களும் எழுந்து போனார்கள். என்னிடம் பதில் இல்லை. தமிழில் எம்.ஏ. படித்திருக்கிறேன், மேடை கிடைத்தால் பேசுவேன், ஆனால் அந்த இரவில் வாயடைத்துப் போனது. படங்களும் வீடியோக்களும் நம்மை 'சிந்திக்க வைக்கின்றன' என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரைச் சிந்திக்க வைக்கின்றன? பார்த்தவன் பார்த்த பிறகு என்ன செய்தான்? அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் தேடி, நம் சனங்களைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களின் வரலாற்றைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

1. படமே இல்லாத தீ

1968 டிசம்பர் 25 இரவு. கீழத்தஞ்சையில் வெண்மணி. அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி கேட்டார்கள், செங்கொடி ஏற்றினார்கள் என்பதற்காக, உயிருக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் மிகுதி. அந்தத் தீயை யாரும் படம் பிடிக்கவில்லை. சேரியில் கேமரா ஏது? மறுநாள் வந்த பத்திரிகைக்காரர்கள் எடுத்தது சாம்பலைத்தான்.

நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவும் மற்றவர்களும் கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்றார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், அவர்களே நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. தப்பிப் பிழைத்தவர்களின் கண் சாட்சி கோர்ட்டுக்குப் போதவில்லை. கார் வைத்திருப்பது சாட்சியாகிவிட்டது.

பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் வந்தது 2005இல். சம்பவம் நடந்து 37 ஆண்டுகள் கழித்து. அதற்குள் பார்த்தவர்கள் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கேமராவின் முன்னால் உட்கார்ந்து, கோர்ட்டில் செல்லாமற்போன அதே சாட்சியை மறுபடியும் சொன்னார்கள். இந்தப் படத்தில் தீ இல்லை, முகங்கள்தான் இருக்கின்றன. அந்த முகங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் அன்று ஒன்று சொன்னோம்: "அன்னைக்கு மட்டும் ஒரு கேமரா இருந்திருந்தா கதையே மாறியிருக்கும்."

மாறியிருக்குமா? அதற்கும் ஒரு ஊர் நம்மிடம் இருக்கிறது.

2. படம் இருந்த ஆறு

1999 ஜூலை 23. திருநெல்வேலி. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், போராடிச் சிறைக்குப் போனவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் தாமிரபரணி. அடி தாங்காமல் சனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். பச்சைக் குழந்தை ஒன்று உட்பட 17 பேர் செத்தார்கள்.

இங்கே கேமரா இருந்தது. பகல் வெளிச்சத்தில், பத்திரிகைக்காரர்கள் கண்ணெதிரே நடந்தது. தண்ணீருக்குள் நிற்பவர்கள்மேல் கல்லெறிவதையும், கரையேற வந்தவர்களை அடிப்பதையும் படம் பிடித்திருந்தார்கள். ஆர்.ஆர்.சீனிவாசன் அந்தக் காட்சிகளையும் தொழிலாளர்களின் வாக்குமூலங்களையும் சேர்த்து 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக்கினார். ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். வெண்மணியில் இல்லாத சாட்சி இங்கே கண்முன்னே ஓடியது.

நீதிபதி மோகன் கமிஷன் அமைக்கப்பட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கிச் செத்தார்கள், போலீசின் நடவடிக்கையில் தவறில்லை என்ற முடிவுக்குத்தான் அது வந்து சேர்ந்தது. தண்ணீரில் மூழ்கினார்கள் என்பது உண்மைதான். தண்ணீருக்குள் விரட்டியது யார் என்பதுதான் கேள்வி. விரட்டும் காட்சி படத்தில் இருந்தது, அறிக்கையில் இல்லை.

ஆக, படம் இல்லாத 1968இலும் நியாயம் கிடைக்கவில்லை, படம் இருந்த 1999இலும் கிடைக்கவில்லை. நம்முடைய கொடுமை வெளியே தெரியாமல் இருக்கிறது, தெரிந்துவிட்டால் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அடியோடு பிசகானது என்று இந்த இரண்டு ஊர்களும் சொல்கின்றன. சாதி என்ன ரகசியமா? ஊருக்கு ஒரு சேரி, டீக்கடைக்கு ஒரு தனிக் கிளாஸ், செத்தால் ஒரு தனிச் சுடுகாடு. எல்லாம் எல்லோர் கண்ணிலும் படுகிறதுதானே. பார்க்காததால் இருக்கும் நோய் இல்லை இது. பார்த்துப் பார்த்துப் பழகிய நோய்.

3. சம்பவம் இல்லாத படம்

இந்த இடத்தில்தான் 2003இல் மதுரையிலிருந்து அமுதன் ஆர்.பி. எடுத்த 'பீ' என்ற படம் முக்கியமாகிறது. 26 நிமிடப் படம். கொலை இல்லை, தீ இல்லை, ஊர்வலம் இல்லை. மதுரையில் ஒரு கோயிலை ஒட்டிய தெரு. சனங்கள் அங்கே மலங்கழிக்கிறார்கள். ஒரு பெண் தூய்மைப் பணியாளர் காலையில் வருகிறார், கூட்டுகிறார், அள்ளுகிறார், போகிறார். கேமரா அவர் கூடவே நடக்கிறது. அவர் பேசிக்கொண்டே வேலை செய்கிறார். நாளைக்கும் இதே தெரு, இதே வேலை.

படத்தின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டவர்கள் உண்டு. அழைப்பிதழில் எப்படி அச்சடிப்பது என்று யோசித்த படித்த நண்பர்களை எனக்குத் தெரியும். இந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது, அதை அள்ளும் கையைப் பார்த்து மட்டும் யாருக்கும் கூசியதில்லை. தமிழ் இலக்கணத்தில் 'இடக்கரடக்கல்' என்று ஒன்று படித்தோம். அவையில் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்லுவது. 'கால் கழுவி வந்தான்' என்று உதாரணமும் எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கினோம். கால் கழுவிய பிறகு அங்கே கிடப்பதை அள்ளுவது யார் என்று இலக்கணம் கேட்கவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் படம் செய்த காரியம் பெரிது. வன்கொடுமை என்றால் வெட்டும் குத்தும் தீயும்தான் என்று பழகியிருந்த நமக்கே, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் காலையும் வன்கொடுமைதான் என்று காட்டியது. உலர் கழிப்பறைகளையும் மனிதர் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இலேயே வந்துவிட்டது. படம் எடுக்கப்பட்டபோது அந்தச் சட்டத்துக்கு வயது பத்து. சட்டம் இருக்கும்போதே ஒரு பெரிய நகரத்தின் நடுவில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

4. அடித்தவன் கையில் கேமரா

2016க்கு வருவோம். இந்த ஆண்டில் இரண்டு வீடியோக்கள் நாடெங்கும் ஓடின. இதற்குள் கேமரா எல்லோர் சட்டைப் பையிலும் வந்துவிட்டது. கடை வாசலிலும் ஒன்று தொங்குகிறது.

மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே. பட்டப்பகல். தலித் இளைஞர் சங்கரும் அவரைக் காதலித்து மணந்த, ஆதிக்க சாதியில் பிறந்த கௌசல்யாவும் துணி வாங்கிக்கொண்டு தெருவோரம் நடந்து வருகிறார்கள். பைக்கில் வந்தவர்கள் வெட்டுகிறார்கள். சங்கர் செத்தார். கௌசல்யா வெட்டுக் காயங்களோடு பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிந்த காட்சி அன்றைக்கு ராத்திரிக்குள் செல்போன் செல்போனாகப் போனது.

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் நம் வயதில் யாரும் இருக்க முடியாது. ஆனால் எதைப் பார்த்தோம்? வெட்டுபவர்களைப் பார்த்தோம், விழுகிறவர்களைப் பார்த்தோம். சுற்றி நிற்பவர்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். பஸ் நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், வெட்டியவர்கள் பைக்கில் ஏறிப் போகிறார்கள். பயம் என்று சொல்லலாம். பயம்தான். அப்புறம் அதே வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் செய்ததும் அதேதான். நின்று பார்த்தோம். ஒரு அழுகிற பொம்மையைப் போட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டோம். வேறு சிலரும் பார்த்தார்கள். "எங்க பொண்ணத் தொட்டா இதான்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு, அதே வீடியோவைப் பெருமையாகப் பகிர்ந்தவர்களும் இதே தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள். ஒரே படம். ஒருவனுக்குத் துக்கம், ஒருவனுக்குத் திருவிழா. படம் தானாக எந்தப் பக்கமும் சேருவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த வீடியோவைத் தன் வாழ்க்கையில் சுமந்தவர் கௌசல்யா. தன் பெற்றோருக்கு எதிராகவே கோர்ட்டில் நின்றார். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22இல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, மற்ற 5 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கேமராவுக்கு வெட்டிய கை தெரியும். அனுப்பிய கை தெரியாது. சாதியோ எப்போதும் அனுப்பும் கையில்தான் இருக்கிறது.

ஜூலை 11, குஜராத்தில் ஊனா. மோட்டா சமாதியாலா என்ற கிராமத்தில் செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைப் பசுப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொண்ட கும்பல் பிடித்தது. ஊனா நகரத்துக்குக் கொண்டுபோய், வண்டியில் கட்டி, சட்டையைக் கழற்றித் தடியால் அடித்தார்கள். இதைப் படம் பிடித்தது யார்? அடித்தவர்களேதான். ஊருக்கெல்லாம் அனுப்பியதும் அவர்களேதான். பாருங்கள், இனி எவனாவது மாட்டைத் தொட்டால் இதுதான் கதி என்று எச்சரிக்கை விடுவதற்காக எடுத்த வீடியோ அது. அந்தக் காலத்தில் தமுக்கடித்துச் சொன்னதை இந்தக் காலத்தில் செல்போனில் சொன்னார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது பயம். அன்றைக்கு குஜராத் தலித் மக்கள் கொடுத்த பதிலைத்தான் வரலாறு என்று சொல்ல வேண்டும். சுரேந்திரநகரில் செத்த மாடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொட்டினார்கள். உங்கள் தாய் என்றால் நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். ஜூலை 31இல் அகமதாபாத்தில் கூடி, இனிச் செத்த மாட்டை எடுப்பதில்லை என்று உறுதியெடுத்தார்கள். ஆகஸ்டு 5இல் அகமதாபாத்திலிருந்து நடந்து ஆகஸ்டு 15இல் ஊனா போய்ச் சேர்ந்தார்கள். மாட்டின் வாலை நீயே வைத்துக்கொள், எங்களுக்கு நிலத்தைக் கொடு என்று கேட்டார்கள். எந்த வீடியோ அவர்களை மண்டியிட வைக்க எடுக்கப்பட்டதோ, அதே வீடியோவை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

படம் ஒன்றுதான், அதில் ஒரு காட்சியும் மாறவில்லை. பார்த்தவர்கள் கையில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலையை நிறுத்தினார்கள். தெருக்களில் மாடுகள் அழுகத் தொடங்கியபோதுதான், அதுவரை வீடியோவைப் பார்த்து 'ச்சு' கொட்டியவர்களுக்கு மூக்கு வேலை செய்தது.

5. 'கக்கூஸ்' யாருக்கு நாறியது?

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017 பிப்ரவரியில் வந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் 'கக்கூஸ்'. அவர்கள் போய் இருநூறு வருடம் ஆகிறது. அவர்களுக்கு முன்னாலிருந்தே இருக்கிற வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்குப் போய், மலக்குழியில் செத்தவர்களின் மனைவிமார்களை, அம்மாக்களை, இன்றைக்கும் அள்ளிக்கொண்டிருப்பவர்களை அந்தப் படம் பேசவைத்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்துவிட்டது. 'இங்கே அப்படி ஒரு வேலையே இல்லை' என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் அந்த வேலையைக் காட்டியது.

பதில் எப்படி வந்தது? முதலில் போலீஸ். பல ஊர்களில் திரையிட விடவில்லை. சட்டம் ஒழுங்கு கெடும் என்றார்கள். மலக்குழியில் ஆள் இறங்கும்போது கெடாத சட்டம் ஒழுங்கு, அதைச் சுவரில் காட்டினால் கெடுகிறது. பிறகு படத்தை யூடியூபில் ஏற்றினார்கள், லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அந்த ஜூலை 25ஆம் தேதி, 2009ஆம் ஆண்டில் மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்ட ஒரு பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்து திவ்யபாரதியைக் கைது செய்தார்கள். செல்போனில் வசவும் கொலை மிரட்டலும் தொடர்ந்தன. ஒரு பெண் படம் எடுத்தால் என்னென்ன வார்த்தையால் ஏசுவார்களோ அத்தனையாலும் ஏசினார்கள்.

இதையெல்லாம் ஆதிக்க சாதிகளின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போகலாம்தான். ஆனால் உண்மை அப்படியில்லை. 1999இல் தாமிரபரணிக் கரைக்கு வந்த ஊர்வலத்தின் முன்னால் நின்ற புதிய தமிழகம் கட்சித் தரப்பிலிருந்தே 'கக்கூஸ்' படத்துக்கு எதிர்ப்பு வந்தது. எங்கள் சாதியையும் இந்த வேலையோடு சேர்த்துக் காட்டியது எங்களுக்கு இழிவு என்பது அந்த எதிர்ப்பின் சாரம். அந்த வேலையைச் செய்ய வைப்பவன் வெட்கப்படவில்லை. பெயர் சேர்ந்துவிட்டதே என்று பக்கத்துத் தெருக்காரன் வெட்கப்படுகிறான்.

அடுத்த தெருவைச் சொல்லிவிட்டு என் தெருவைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியம் இல்லை. நான் பறையர் தெருவில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஊர்த்தெருக்காரர்கள் எங்கள் கிளாசைத் தனியாக வைத்தார்கள். எங்கள் தெருவில் அருந்ததியர் வந்தால் எங்கள் அப்பாயி தண்ணீரைக் கையில்தான் ஊற்றும். சின்னப்பிள்ளையாக நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது தப்பாகத் தெரிந்ததில்லை. காலனியில் அந்த அக்கா 'பேண்டவன் வீட்டுல போயிக் காட்டுங்க' என்று சொன்னபோது, நான் யார் பக்கம் நின்று படம் காட்டுகிறேன் என்று முதன்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவில் எழுந்த முணுமுணுப்பும் ஞாபகத்துக்கு வந்தது. அம்பேத்கர் சாதியைப் படிக்கட்டுப் போன்ற சமத்துவமின்மை என்று விளக்கினார். படிக்கட்டில் நடுப்படியில் நிற்பவன் மேலே பார்த்து அழுவான், கீழே பார்த்து மிதிப்பான். இந்தப் படங்கள் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டுமென்றால் முதலில் இந்த இடத்தில் சிந்திக்க வைக்கட்டும்.

அரசாங்கம் கொடுத்த பதிலையும் பதிவு செய்ய வேண்டும். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளுவதால் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய சமூகநீதித் துறை இணை அமைச்சர் பதில் சொன்னார். அப்படியானால் மலக்குழிக்குள் செத்தவர்கள் யார்? அவர்கள் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்தபோது' செத்தவர்களாம், அது வேறு கணக்காம். நான் பரீட்சையில் எழுதிய இடக்கரடக்கலை அரசாங்கம் இப்படிக் கையாள்கிறது. சொல்லை மாற்றினால் பிணம் மறைந்துவிடும்.

6. அந்த அக்காவுக்குப் பதில்

மறுபடி அந்த இரவுக்கு வருகிறேன். நாலைந்து பேர் எழுந்து போனார்கள் என்றேன். மற்றவர்கள் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள். படம் முடிந்ததும் நாங்கள் நினைத்தது, அழுவார்கள் என்று. யாரும் அழவில்லை. படத்தை வேலைக்காரர் கண்ணோடு பார்த்திருந்தார்கள். "அந்த ஊருல கையுறை குடுத்திருக்கான் பாரு, நம்ம மேஸ்திரி கையெழுத்த மட்டும் வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார் ஒருவர். "அந்தம்மா காண்ட்ராக்டா, பெர்மனன்ட்டா?" என்று கேட்டார் இன்னொருவர். நகரத்து அரங்குகளில் இந்தப் படம் பார்த்தவர்கள் விளக்கைப் போட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'டிஸ்டர்பிங்' என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன். காலனியில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பேசும்போது ஒரு தோழர், 2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சொன்னார். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் நடத்திய வழக்கு. 1993இலிருந்து சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்ற தீர்ப்பு. சொல்லி முடிக்கவில்லை, மூலையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "பத்து லச்சமா? எங்க வீட்டுக்காரரு செத்ததுக்கு ஒன்னரைதான் குடுத்தாக. இனி ஒன்னும் கேக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாக." கணவர் செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. தீர்ப்பு வந்து மூன்று வருடம். அவர் காதுக்கு அது அன்றைக்குத்தான் வந்தது. மறுநாள் மனு எழுதினோம். முதல் தகவல் அறிக்கையில் 'தவறி விழுந்து' என்று எழுதியிருந்ததை மாற்றவே பத்து மாதம் ஆனது. இரண்டரை வருட அலைச்சலுக்குப் பிறகு மிச்சப் பணம் வந்தது. 2023 அக்டோபர் 20இல் உச்சநீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. எத்தனை காலனிகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தோழர்கள் அவரவர் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

எங்களுக்கே எதுக்குக் காட்டுறீக என்ற கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில். தன் கஷ்டத்தைத் தானே பார்த்து அழுவதற்காக இல்லை. வேறு ஊரிலும் இதே குழி, இதே காண்ட்ராக்டர், இதே எழுதி வாங்கிய தாள் என்று தெரிந்துகொள்வதற்காக. தலைவிதி என்று நினைத்தது ஒரு ஏற்பாடு என்று தெரிவதற்காக.

மிச்சப் பாதி பதிலை அந்த அக்காவே கொடுத்துவிட்டார். அவர் சொன்னபடி செய்து பார்த்தோம். அந்தக் காலனிப் பெண்கள் தினமும் கூட்டுகிற ஒரு தெருவில், நல்ல மாடி வீடுகள் உள்ள தெரு, ஒரு சனிக்கிழமை மாலை வேட்டியைக் கட்டி இருபது நிமிடப் பகுதியைப் போட்டோம். அந்த அக்காவும் வந்திருந்தார், வேலைக்குப் போட்டுப்போகும் மேல்சட்டையோடு. முதலில் சன்னல்கள் திறந்தன. என்ன படம் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக மூடின. ஒருவர் வெளியே வந்து, "சாப்பிடுற நேரத்துல இதப் போடுறீங்களே, சின்னப்பசங்க இருக்காங்க" என்றார். அக்கா கேட்டார்: "ஐயா, ஒங்க வீட்டுக் குழி ரொம்புனா எந்த நேரம்னு பாத்தா எங்களக் கூப்புடுறீக?" அவர் பதில் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் போலீஸ் வந்தது. அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, புரொஜக்டரை அணைக்கச் சொன்னது.

அணைத்தோம். வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று, பத்து வயசிருக்கும், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்காவைப் பார்த்து, "ஒங்க பேரு என்ன?" என்று கேட்டது. "இந்தத் தெருவுக்கு நான் பதினோரு வருசமா வாறேன். இன்னைக்குத்தான் ஒரு ஆளு பேரு கேட்டுருக்கு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் சந்தோசமும் இருந்தது, கோபமும் இருந்தது.

ஒரு சன்னல் திறந்தது என்று மகிழ்வதற்காக இதை எழுதவில்லை. மூடிய சன்னல்கள்தான் அதிகம். வீடியோவைப் பார்த்து இரக்கப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள். இரக்கப்படுகிறவன் படத்துக்கு வெளியே நிற்கிறான். குழியில் இறங்குகிறவர் படத்தில் இருக்கிறார், குழியை நிரப்பியவர் பார்வையாளராக நாற்காலியில் இருக்கிறார். அந்த நாற்காலியையும் சேர்த்துப் படம் பிடிக்கும் காலம் வர வேண்டும். அது வரைக்கும் ஊனாவில் செய்ததைத்தான் ஒவ்வொரு ஊரிலும் செய்தாக வேண்டியிருக்கிறது. பார்த்தோம், அழுதோம் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பார்த்த பிறகு எந்த வேலையை நிறுத்தினோம், எந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தோம், நம் வீட்டில் யாருக்குக் கையில் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டுச் செம்பைக் கொடுத்தோம் என்பதைக் கணக்கெடுப்போம்.

போன மாதம் அந்த அக்காவைப் பார்த்தேன். இப்போது பேத்தியிடம் நல்ல செல்போன் இருக்கிறது. "மேஸ்திரி கையுறை இல்லாம எறங்கச் சொன்னா, இவள வுட்டுப் படம் புடிக்கச் சொல்லியிருக்கேன் தாயி" என்றார். "எறங்குறவன இல்ல. எறங்கச் சொல்றவன."